விடிந்த பிறகு சொன்ன செய்தி: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் எத்தியோப்பியக் கட்டுரைகளை இரண்டு முறை படித்துவிட்டேன். காரணம், நானும் வரும் ஜனவரியில் ஓராண்டு தன்னார்வப் பணிக்கு அங்கே போகிறேன். தெற்கே ஹவாசா பக்கம். நான் செவிலியர், தாய்சேய் நலப் பிரிவில் வேலை.

ஒன்று நேராகவே கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். உங்கள் கட்டுரைகளில் காபி வருகிறது, திருவிழா வருகிறது, சாவு வீடு வருகிறது. நீங்கள் செய்யப் போன வேலை மட்டும் ஓரிரு வரியில் முடிந்துவிடுகிறது. என் அண்ணன் படித்துவிட்டு, "இது சேவையா, ஊர் சுற்றுவதா?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உதவி செய்யப் போய் அவர்களுக்குப் பாரமாகிவிடுவேனோ என்ற பயமும் இருக்கிறது. என்ன கொண்டுபோக வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

உங்கள் அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. கோபமெல்லாம் இல்லை. வேலையிலிருந்தே தொடங்குகிறேன்.

2012 அக்டோபரில் போய் இறங்கினேன். அவர்கள் நாட்காட்டியில் அது 2005. அடிஸ் அபாபாவிலிருந்து வடகிழக்கே, டெப்ரே பிர்ஹானுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 2,800 மீட்டர் உயரம், பகலிலும் ஸ்வெட்டர் வேண்டும். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குக் கணக்கு கற்பிப்பதில் பயிற்சி கொடுப்பது என் வேலை. முதல் கூட்டத்துக்கு "மூன்று மணி" என்று தாளில் எழுதி அனுப்பினேன். அங்கே சூரியன் உதிப்பதிலிருந்து மணி எண்ணுகிறார்கள், நம் காலை ஏழு மணிதான் அவர்களுக்கு ஒரு மணி. அவர்களுடைய மூன்று மணியான காலை ஒன்பதுக்கே பதினெட்டு ஆசிரியர்கள் வந்து, மதியம் வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் பிற்பகல் மூன்றுக்குப் போய் வெறும் அறையைப் பார்த்தேன். மறுநாள் எல்லோரும் சிரித்த முகத்தோடு வந்தார்கள். ஒருவர்கூட அதைப் பற்றிப் பேசவில்லை. பியூன் சொல்லித்தான் எனக்கு விஷயமே தெரியும்.

என் இரண்டு வருடத்தின் பெரிய சிக்கல் இதுதான். யாரும் என்னிடம் குறை சொல்ல மாட்டார்கள். அதற்கு ஒரு வரலாறும் உண்டு. பேரரசர் ஹைலே செலாசி காலத்தில், 1950களிலிருந்து, இந்திய ஆசிரியர்கள் நிறையப் பேர் அங்கே பள்ளிகளில் வேலை செய்தார்கள். ஐம்பது வயது தாண்டியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், "எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தது ஓர் இந்தியர்" என்று கண் மலரச் சொல்வார்கள். அந்த ஆசிரியர்கள் சம்பாதித்து வைத்த மரியாதை எனக்குச் சும்மா கிடைத்தது. ஆனால் மரியாதை வைத்த ஆளிடம் "நீங்கள் சொல்வது இங்கே நடக்காது" என்று எப்படிச் சொல்வார்கள்? ஆறு மாதம் நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, வகுப்பில் பழையபடியே நடத்தினார்கள்.

உண்மை வெளியே வந்தது காபியில்தான். அங்கே காபி என்றால் ஒரு மணி நேரமாவது ஆகும். தரையில் பசும்புல் பரப்பி, பச்சைக் கொட்டையைக் கழுவி, எதிரிலேயே வறுத்து, அந்தப் புகையை ஒவ்வொருவர் முகத்துக்கும் காட்டி, இடித்து, ஜெபெனா என்ற மண்கூஜாவில் கொதிக்க வைப்பார்கள். பிடியில்லாத சின்னக் கோப்பையில் மூன்று சுற்று. முதல் சுற்று அபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பெரெக்கா. பெரெக்கா என்றால் ஆசி. அதற்கு முன் எழுந்து போவது அழகில்லை. முதல் சுற்றில் நலம் விசாரிப்பார்கள், இரண்டாவதில் ஊர்க்கதை. மூன்றாவது சுற்றில், டிகாக்‌ஷன் நீர்த்துப்போன நேரத்தில்தான் மனதில் இருப்பது வரும். அப்படி ஒரு மூன்றாவது கோப்பையில் ஓர் ஆசிரியை என்னிடம் சொன்னார்: "ஒரு வகுப்பில் எழுபது பிள்ளைகள். ஒரு பெஞ்சில் ஐந்து பேர். குழுவாகப் பிரித்து உட்கார வை என்கிறீர்கள், எங்கே உட்காருவார்கள்?" மறுநாளிலிருந்து பாடத்திட்டத்தைத் தூக்கி வைத்துவிட்டு, ஐந்து பேர் பெஞ்சிலேயே செய்யக்கூடிய பயிற்சிகளை அவரோடு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். இரண்டு வருடத்தில் நான் செய்த உருப்படியான வேலை அதுதான். அதனால் காபியை வேலையிலிருந்து பிரித்து எனக்கு எழுத வரவில்லை.

சாவு வீட்டைப் பற்றியும் குறிப்பிட்டிருந்தீர்கள். அதை இதுவரை முழுதாக எழுதியதில்லை.

இத்திர் என்று ஓர் அமைப்பு அங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறது. உறுப்பினர்கள் மாதாமாதம் கொஞ்சம் பணம் கட்டுவார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கூடாரம், பெஞ்சு, அண்டா எல்லாம் இத்திரிலிருந்து வந்துவிடும். சமைப்பதும் பரிமாறுவதும் அவர்கள் பொறுப்பு. துக்க வீட்டாரோடு மூன்று நாள் உட்கார்ந்திருப்பார்கள். தலைவர், செயலாளர், பெயர்ப் பதிவேடு, எழுதி வைத்த விதிகள் எல்லாம் உண்டு. வராமல் இருந்தால் அபராதம். ஐம்பது எலுமிச்சை ஒருவனுக்குச் சுமை, ஐம்பது பேருக்கு அலங்காரம் என்று ஒரு பழமொழி சொல்வார்கள். வீட்டுக்கார அம்மாவை நான் எமாமா என்று கூப்பிடுவேன், வயதான பெண்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். நான் போன நான்காம் மாதமே அவர் என்னைக் கேட்காமல் என் பெயரை இத்திரில் சேர்த்துவிட்டார். மாதம் பத்து பிர், பிர் என்பது அந்த நாட்டுப் பணம். ஊர்வழக்கம், கட்டுவோம் என்று கட்டிவந்தேன்.

2014 மார்ச். ஈஸ்டருக்கு முந்தைய 55 நாள் நோன்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு மாலை எமாமா வழக்கம்போலக் காபி போட்டார். மூன்று சுற்றும் முடிந்தது. சாப்பிடு சாப்பிடு என்று வற்புறுத்தித் தன் கையால் ஊட்டினார். "குளிராக இருக்கிறது, இன்று என் அறையில் படு" என்றார். படுத்துத் தூங்கிவிட்டேன்.

விடிகாலையில் எழுப்பினார்கள். முற்றம் நிறைய ஆட்கள், முப்பது பேர் இருக்கும். பெண்கள் போர்த்தும் வெள்ளைத் துணிக்கு நெட்டெலா என்று பெயர். சாதாரண நாளில் அதன் வண்ணக்கரை கீழே தொங்கும், துக்கத்தில் கரையை மேலேற்றிக் கழுத்தைச் சுற்றிப் போடுவார்கள். எல்லோர் கழுத்திலும் கரை இருந்தது. யாரும் வாய் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பா.

முந்தைய நாள் பிற்பகலே போய்விட்டார். என் போனுக்கு லைன் கிடைக்காமல் தம்பி என் சக ஊழியர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறான். அவர் எமாமாவிடம் சொல்ல, எமாமா தெருவுக்கே சொல்லியிருக்கிறார். என்னிடம் மட்டும் சொல்லவில்லை. சாவுச் செய்தி சொல்வதற்கு அங்கே மெர்தோ என்று பெயர். அதற்கு ஒரு முறை இருக்கிறது. வேண்டியவர்கள் எல்லோரும் கூடி, விடிகாலையில், ஒன்றாக வந்துதான் சொல்ல வேண்டும்.

நான் கத்தினேன். என் அப்பா செத்தது எனக்குத் தெரியாமல் ஒரு ராத்திரி முழுக்க எப்படித் தூங்க வைத்தீர்கள் என்று கேட்டேன். எமாமா அழுதுகொண்டே, "ராத்திரியில் பஸ் கிடையாது. தெரிந்திருந்தால் அந்த இருட்டில் நீ என்ன செய்திருப்பாய்?" என்றார். அந்தக் கோபம் இன்றும் எனக்கு முழுதாகப் போகவில்லை. அவர் செய்தது சரி என்றும் எனக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தேதான் இருக்கின்றன.

நான் போய்ச் சேர்வதற்குள் தகனம் முடிந்துவிடும் என்று தம்பி சொல்லிவிட்டான். அங்கேயே இருந்தேன். காலை எட்டு மணிக்குள் வாசலில் இத்திர் கூடாரம் நின்றது. அப்பாவை ஒருநாளும் பார்த்திராதவர்கள் மூன்று நாள் அவருக்காக உட்கார்ந்தார்கள். இரவில் பெண்கள் என்னைச் சுற்றித் தரையில் படுத்துக்கொண்டார்கள். இன்ஜெரா என்ற புளித்த மாவு அப்பமும் ஷிரோ என்ற பருப்புமாவுக் குழம்பும் வீடு வீடாக வந்தன. அப்பா எப்படிப்பட்டவர் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள், நான் அரைகுறை அம்ஹாரிக்கில் சொல்லிக்கொண்டே இருந்தேன். நான் பயிற்சி கொடுத்த ஆசிரியர்கள் தேநீர் ஊற்றிக்கொடுத்தார்கள். நான்காம் நாள் ஊருக்குக் கிளம்பினேன்.

ஆகவே பாரமாகிவிடுவேனோ என்ற உங்கள் பயத்துக்கு என் பதில்: ஆவீர்கள். நான் ஆனேன். ஊருக்குப் போய்த் திரும்பி வந்து, அடுத்த மாதமே வேறொரு வீட்டுச் சாவில் நானும் அண்டா தூக்கினேன், பாத்திரம் கழுவினேன். அதற்குப் பிறகு ஆசிரியர்கள் என்னிடம் "இது சரிவராது" என்று காபிக்குக் காத்திராமல் சொல்ல ஆரம்பித்தார்கள். வெறுமனே கொடுப்பவராக மட்டும் நின்றுகொண்டிருந்தால் அது நடந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன். அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்.

நான் சொன்னது ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் நிறைந்த, அம்ஹாரிக் பேசும் மேட்டுநிலத்து ஊர். ஹவாசா வேறு. அது சிடாமா மக்களின் பூமி, 2020இல் தனி மாநிலமானது. அவர்களுக்குத் தனி மொழி, தனிப் புத்தாண்டு. ஃபிச்சே சம்பலாலா என்ற அந்தப் புத்தாண்டு விழா 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே துக்கம் எப்படிச் சொல்வார்கள், யார் யாரோடு உட்காருவார்கள் என்பதை அங்கே போய்த்தான் நீங்கள் கற்க வேண்டும்.

உங்கள் வேலைக்கு ஒன்று சொல்கிறேன். 2003இல் எத்தியோப்பிய அரசு சுகாதார விரிவாக்கத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. அந்தந்த ஊர்ப் பெண்களையே தேர்ந்தெடுத்து, ஓராண்டு பயிற்சி கொடுத்து, கெபெலே என்ற சிற்றூர் அலகுக்கு இரண்டு பேர் வீதம் போட்டார்கள். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். வீடு வீடாக நடப்பவர்கள் அவர்கள். எந்தப் பெண் மருத்துவமனைக்கு வரத் தயங்குகிறாள், ஏன் தயங்குகிறாள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். முதல் இரண்டு மாதம் எதையும் மாற்ற முயலாமல் அவர்களோடு நடங்கள்.

அப்புறம், கொண்டுபோக: நல்ல நடை செருப்பு, மாலைக் குளிருக்கு ஒரு சால்வை, உங்கள் வீட்டாரின் அச்சுப்போட்ட படங்கள். படங்களைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் அம்மா அப்பா யார் என்று எல்லோரும் கேட்பார்கள். பேனா, மிட்டாய் என்று பிள்ளைகளுக்கு அள்ளிக்கொண்டு போக வேண்டாம். அம்ஹாரிக்கில் ஒரு சொல் மட்டும் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள்: ஐஸோஷ். பெண்களிடம் சொல்வது, ஆணாக இருந்தால் ஐஸோ. தடுக்கி விழுந்தவரிடமும் சொல்லலாம், பிரசவ வலியில் இருப்பவளிடமும் சொல்லலாம். தைரியமாக இரு, நான் இருக்கிறேன் என்று பொருள். அந்த மூன்று நாளும் என் காதில் விழுந்துகொண்டிருந்தது அந்தச் சொல்தான்.

போய்ச் சேர்ந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா