சலங்கை தெரியட்டும், வாசல் எண் தெரிய வேண்டாம்

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு, நான் திருச்சியில் வசிக்கும் பரதநாட்டியக் கலைஞர், வயது 27. வீட்டு மாடியில் முப்பது குழந்தைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். என் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துத்தான் நிகழ்ச்சி வாய்ப்புகள் வருகின்றன. சென்ற மாதம் முன்பின் தெரியாத ஒருவர், வகுப்பு முடியும் நேரம் பார்த்து வாசலில் வந்து நின்று, தான் என் ரசிகர் என்றார். வேண்டாம் என்று சொல்லியும் தொடர்ந்து செய்தி அனுப்புகிறார். எனக்கு நிச்சயமாகியிருக்கும் வீட்டார் கணக்கையே மூடிவிடச் சொல்கிறார்கள். மூடினால் வாய்ப்புகள் போய்விடுமே என்று கலங்குகிறேன். படங்கள் சிலவற்றை இணைத்துள்ளேன். என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் அந்த மனிதரைப் பற்றிப் பேசிவிடுவோம். விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகச் சொன்ன பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதும், இணையத்தில் அவர் நடமாட்டத்தைக் கண்காணிப்பதும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே சிறைத்தண்டனை உண்டு. வந்த செய்திகளை ஆத்திரத்தில் அழித்துவிடாமல், தேதியும் கணக்குப் பெயரும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் பிறகே அவரை பிளாக் செய்யுங்கள். அவர் புதிதாகத் தொடங்கக்கூடிய கணக்குகளையும் சேர்த்துத் தடுக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. வாசல் வரை வந்துவிட்டவர் என்பதால், அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் ஒரு மனு கொடுத்து வைப்பதற்குத் தயங்க வேண்டாம். துணைக்கு அப்பாவையோ அண்ணனையோ அழைத்துச் செல்லுங்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணிலும் பேசலாம்.

அவருக்கு வீடு எப்படித் தெரிந்தது என்பதற்கு நீங்கள் அனுப்பிய படங்களே பதில் சொல்கின்றன. ஒன்றில் சலங்கை கட்டிய பாதங்கள் மிக அழகாக விழுந்திருக்கின்றன. ஆனால் அவற்றுக்குப் பின்னால் திறந்திருக்கும் கதவில் வீட்டு எண்ணும், எதிர்ச் சுவரில் தெருப் பெயரும் படிக்கும்படி இருக்கின்றன. இன்னொன்று நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய அரங்கேற்ற அழைப்பிதழ். அதில் முழு முகவரியும் அப்பாவின் கைப்பேசி எண்ணும் அச்சாகியுள்ளன. உறவினர் கையில் கொடுப்பதற்காக அடித்த தாள் அது. மூன்றாவதில் வகுப்பு நேரத்தையே எழுதியிருக்கிறீர்கள். இதற்காக உங்களை நீங்கள் நொந்துகொள்ள வேண்டாம். தவறு வந்து நின்றவருடையதே. அப்படங்களை நீக்கக்கூட வேண்டியதில்லை. ஆர்க்கைவ் செய்தால் உங்களைத் தவிர எவருக்கும் தெரியாது. விருப்பக் குறிகளும் கருத்துகளும் அப்படியே இருக்கும். ஹைலைட்ஸில் சேர்த்து வைத்துள்ள பழைய ஸ்டோரிகளையும் மறவாமல் பாருங்கள். ஒரு நாளில் மறைந்துவிட்டதாக நாம் நினைப்பவை அங்கேதான் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகின்றன.

கணக்கை மூடுவதோ, நீங்கள் அனுமதித்தவர் மட்டும் பார்க்கும்படி (பிரைவேட்) பூட்டுவதோ உங்கள் விஷயத்தில் சரியான வழி என்று எனக்குத் தோன்றவில்லை. ஓவியர் படத்தை முன்னே நிறுத்தித் தான் பின்னே இருந்துகொள்ளலாம்; நடனமாடுபவருக்கு முகமும் உடலுமே கலை. மார்கழி விழாவுக்கு விண்ணப்பிக்கும்போது காணொலி கேட்கும் சபாக்காரர், பூட்டிய பக்கத்தைத் தட்டிக்கொண்டு காத்திருக்க மாட்டார். தொழில்முறைக் கணக்கை பிரைவேட் ஆக்கவும் இயலாது. சாதாரணக் கணக்காக மாற்றினால்தான் முடியும், அப்படிச் செய்தாலும் முன்பே பின்தொடர்பவர்கள் உள்ளேயே இருப்பார்கள். ஆகவே பெயர் பெற்றுவிட்ட இந்தப் பக்கத்தை ஆட்டத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டு, வீட்டாருக்கும் தோழிகளுக்கும் வேறொரு பூட்டிய கணக்கைத் தொடங்குங்கள். அதை வேறு மின்னஞ்சலில் தொடங்கி, தொடர்பு எண்களை இணைக்கும் அனுமதியைக் கொடுக்காமல், பிறருக்குப் பரிந்துரைக்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். இல்லையேல் செயலியே அந்தப் புதிய கணக்கையும் பிறருக்குக் காட்டிக் கொடுத்துவிடும்.

இனிமேல் போடுவதில் நேரத்தைத் தள்ளிப்போடுவதே மிகப் பெரிய காவல் என்பேன். சபா மேடை ஊரறிந்த இடம், அதை முன்கூட்டி அறிவிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒத்திகை, பயணம், தங்கும் இடம், கோயில் தரிசனம் ஆகியவை வீடு திரும்பிய மறுநாள் வெளிவந்தால் கலைக்கு ஒரு குறையும் வராது. வகுப்பு நடக்கும்போது ஸ்டோரி போடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். தொழிலுக்குத் தனி சிம் ஒன்று வாங்கி, அதில் வாட்ஸ்அப் பிசினஸ் வைத்துக்கொண்டால், பழைய வாட்ஸ்அப்புடன் அதே கைப்பேசியில் இரண்டும் ஓடும். பக்கத்தில் அந்த எண்ணை மட்டும் காட்டுங்கள். முகவரி வேண்டாம், "திருச்சி" போதும். சேர வருபவர்கள் முதலில் பேசட்டும். பெற்றோர் யார் என்று தெரிந்த பிறகு இடத்தைச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் பக்கத்தில் இருக்கும் முப்பது குழந்தைகளின் முகம் உங்களுடையதல்ல. அந்த மனிதர் பார்த்த பக்கத்தில் அவர்களும் இருக்கிறார்கள், சிலர் பள்ளிச் சீருடையிலேயே. ஒவ்வொரு பெற்றோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். தயங்குபவர்களின் குழந்தை உள்ள படத்தை மறுபேச்சின்றி எடுத்துவிடுங்கள். சம்மதித்தவர்களின் படத்திலும் குழந்தையின் பெயரும் பள்ளியும் வேண்டாம்.

நிச்சயமான வீட்டாரின் அச்சம் உண்மையானது, அதை மதியுங்கள். ஆனால் மூடச் சொல்வது பாதுகாப்புக்காகவா, நீங்கள் ஆடுவதே பிடிக்காமலா என்பது திருமணத்துக்கு முன்பே தெரிந்தாக வேண்டும். மாப்பிள்ளையை நேரில் உட்காரவைத்து, என்னென்ன மாற்றியிருக்கிறீர்கள் என்று பக்கத்தைத் திறந்து காட்டிவிட்டு, "இதற்குப் பிறகும் எது உறுத்துகிறது?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எனக்கும் எழுதுங்கள். அதற்கு முன், இந்த இதழை மூடி வைத்த கையோடு, அந்த அழைப்பிதழ் படத்தை ஆர்க்கைவ் செய்துவிடுங்கள்.