கடைசலில் கடைந்த மரக் கிண்ணத்தில் பாலியூரித்தேன் வார்னிஷ் ஏன் உரிகிறது?

ஏற்காட்டு சில்வர் ஓக் கிண்ணத்துக்கு ஆளிவிதை எண்ணெய், மேலே மெழுகு, அதற்கும் மேலே பாலியூரித்தேன் அடித்ததாகச் சொல்கிறீர்கள். குற்றவாளி மெழுகுதான். அதன்மேல் எதுவும் சரியாகப் பிடிக்காது. மெழுகு எப்போதும் கடைசிப் பூச்சு.

உரிந்ததைச் சுரண்டி, டர்பன்டைனால் மெழுகைத் துடைத்து, உப்புத்தாள் போடுங்கள். அடியிலுள்ள எண்ணெய் முழுக்கக் காய வேண்டும். சேலம் வெயிலில் சீக்கிரம் காயும். ஏற்காட்டு ஈரத்தில் வாரக்கணக்கில் இழுக்கும். எண்ணெய் வாடை அடித்தால் பொறுங்கள். பிறகு மெழுகு நீக்கிய அரக்குப் பாலிஷ் ஒரு கை. எண்ணெய்க்கும் பாலியூரித்தேனுக்கும் நடுவே அதுதான் தரகர். பாலிஷ் கரைக்கச் சாதாரண அரக்குச் சீவலை வாங்கிவிடாதீர்கள், அதிலேயே மெழுகு உண்டு. மூடுபனியில் அரக்கு அடித்தால் வெள்ளை பூக்கும். மூட்டம் விலகியபின் அடியுங்கள்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடுங்கள்.