மெடிக்கல் அசிஸ்டண்ட் படிப்புக்கு 18,500 டாலர் கட்டலாமா?

வணக்கம்.

டெக்சாஸில் டாலஸ் பக்கம் இருக்கிறோம். கணவருக்கு ஹெச்1பி வேலை விசா, கிரீன் கார்டுக்கான ஐ-140 மனுவும் ஏற்கப்பட்டுவிட்டது. ஹெச்4 விசாவில் இருக்கும் எனக்கு இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை வந்து ஐந்து மாதம். ஊரில் பி.எஸ்சி. நுண்ணுயிரியல் முடித்தேன், எட்டு வருடமாக வேலையில் இல்லை. மகனுக்கு மூன்றரை வயது, இப்போது வீட்டில்தான் இருக்கிறான். டேகேரில் விசாரித்தால் மாதம் 1,250 டாலர் என்கிறார்கள்.

கிளினிக்கில் டாக்டருக்கு உதவும் மெடிக்கல் அசிஸ்டண்ட் வேலைக்குப் படிக்கலாம் என்று மூன்று இடங்களில் கேட்டேன். தனியார் கேரியர் காலேஜில் 9 மாதம், 18,500 டாலர். கம்யூனிட்டி காலேஜில் ஒரு வருடம், 4,200. ஆன்லைனில் 4 மாதம், தேர்வுக் கட்டணத்தோடு 1,800. தனியார் காலேஜிலிருந்து தினமும் போன் வருகிறது. "சராசரி சம்பளம் 44,200, போட்ட பணத்தை ஐந்தே மாதத்தில் எடுத்துவிடலாம்" என்கிறார்கள். இங்கே வேலை விளம்பரங்களில் நான் பார்ப்பது மணிக்கு 18 டாலர்தான். கணவரின் சம்பளம் 1,40,000. எதில் சேரட்டும்?

— வி.

அன்புள்ள வி.,

44,200 என்பது பொய்யில்லை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை மே 2024-க்குக் கொடுத்த எண் அதுதான். ஆனால் அது இடைநிலைச் சம்பளம். இருபது வருடம் வேலை பார்த்தவரையும் போன மாதம் சேர்ந்தவரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது. அந்த வரிசையின் கடைசிப் பத்து சதவீதத்தினர் 35,020-க்கும் கீழே வாங்குகிறார்கள். புதிதாகச் சேர்பவர் நிற்கும் இடம் அந்தக் கடைசிக்குப் பக்கத்தில். நீங்கள் விளம்பரத்தில் பார்த்த 18 டாலரையே கணக்கில் வையுங்கள்.

மணிக்கு 18, வாரம் 40 மணி நேரம் என்றால் வருடத்துக்கு 37,440. நீங்களும் கணவரும் சேர்ந்து வரி தாக்கல் செய்கிறீர்கள். அவருடைய 1,40,000-த்தில் நிலையான கழிவு போக மிஞ்சுவதே 22 சதவீத அடுக்குக்குள் வந்துவிடுகிறது. ஆகவே உங்கள் சம்பளத்தின் முதல் டாலருக்கே 22 சதவீத வரி. அது சுமார் 8,240. சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் 7.65 சதவீதம், 2,860. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை, அந்த மட்டும் லாபம். கைக்கு வருவது 26,340, மாதத்துக்கு 2,195. டேகேருக்கு 1,250, பெட்ரோலுக்கு 150 போனால் ஏறக்குறைய 800.

படிப்பின் விலையை இந்த 800-ஐ வைத்துத்தான் அளக்க வேண்டும். 18,500-ஐ எடுக்க 23 மாதம் ஆகும். இதில் படிக்கும் காலத்து டேகேர் சேரவில்லை. பகல் வகுப்பென்றால் 9 மாதத்துக்கு இன்னொரு 11,250 சேர்ந்து 37 மாதமாகிவிடும். கம்யூனிட்டி காலேஜிலும் பகல் வகுப்பில் சேர்ந்தால் 12 மாத டேகேர் 15,000, கட்டணத்தைப் போல மூன்றரை மடங்கு. அதே படிப்பை மாலை வகுப்பில், கணவர் வீட்டில் இருக்கும் நேரத்தில் படித்தால், எக்ஸ்டர்ன்ஷிப் என்ற கிளினிக் நேரடிப் பயிற்சி நடக்கும் ஐந்து வாரத்துக்கு மட்டும் டேகேர் போதும். கட்டணம் 4,200, தேர்வு, தடுப்பூசி, ஸ்க்ரப்ஸ் சீருடை எல்லாம் 600, டேகேர் 1,450. மொத்தம் 6,250, எட்டு மாதத்தில் எடுத்துவிடலாம். அதனால் காலேஜில் கட்டணத்தைக் கேட்கும் முன் வகுப்பு நேரத்தைக் கேளுங்கள்.

கிளினிக்கில் வேலைக்கு எடுப்பவர் நீங்கள் எவ்வளவு கட்டிப் படித்தீர்கள் என்று பார்க்க மாட்டார். சான்றிதழ் இருக்கிறதா, கை பழகியிருக்கிறதா என்று பார்ப்பார். டெக்சாஸில் இந்த வேலைக்கு மாநில உரிமம் கிடையாது. சான்றிதழைக் கேட்பது முதலாளிகள்தான். வாஷிங்டன் போன்ற மாநிலத்தில் சட்டமே கேட்கும். சான்றிதழ்களில் அதிகம் புழங்குபவை சி.எம்.ஏ., ஆர்.எம்.ஏ., சி.சி.எம்.ஏ. இவற்றில் சி.எம்.ஏ. எழுதப் பொதுவாக கேஹெப் அல்லது அபெஸ் என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற படிப்பு வேண்டும். கவனியுங்கள், காலேஜுக்கு அங்கீகாரம் இருந்தால் போதாது, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு இருக்க வேண்டும். "நாங்கள் அக்ரெடிட்டட்" என்று போனில் சொன்னால் யாருடைய அங்கீகாரம், எந்தப் படிப்புக்கு என்று கேட்டு, அந்த அமைப்பின் தளத்திலேயே பெயரைத் தேடுங்கள்.

1,800 டாலர் ஆன்லைன் படிப்பு ஏமாற்று வேலை அல்ல. அதை முடித்து சி.சி.எம்.ஏ. எழுதலாம், தேறவும் செய்யலாம். சிக்கல் ஊசியில் இருக்கிறது. ரத்தம் எடுக்கும் குழாய்களின் வரிசை, மூடியின் நிறப்படி, நீலம், சிவப்பு அல்லது தங்கம், பச்சை, ஊதா, சாம்பல். இதை ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம். ஊதாவில் இருப்பது ரத்தம் உறையாமல் தடுக்கும், பொட்டாசியம் உப்பாக உள்ள இ.டி.டி.ஏ. அதை முதலில் எடுத்தால் ஒரு துளி அடுத்த குழாய்க்குப் போய் பொட்டாசியத்தைக் கூட்டிக் காட்டும், கால்சியத்தைக் குறைத்துக் காட்டும். நுண்ணுயிரியல் படித்த உங்களுக்கு அது சொல்லாமலே விளங்கும். நீலக் குழாயில் ஒரு பங்கு சிட்ரேட்டுக்கு ஒன்பது பங்கு ரத்தம். பட்டர்ஃப்ளை ஊசியின் டியூபில் நிற்கும் காற்று முதலில் நீலத்துக்குள் போனால் குழாய் கோடு வரை நிறையாது, உறைதல் நேரம் கூடிக் காட்டும், லேப் திருப்பி அனுப்பிவிடும். அதற்காகத்தான் முன்னால் ஒரு வெற்றுக் குழாயைப் போட்டுக் காற்றை வெளியேற்றுகிறார்கள். இதெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளலாம். எழுபது வயதுப் பாட்டியின் நழுவும் ரத்தநாளத்தைக் கட்டைவிரலால் இழுத்துப் பிடித்துக் குத்துவதற்குக் கைதான் பழக வேண்டும். கேஹெப் படிப்புகளில் குறைந்தது 160 மணி நேர எக்ஸ்டர்ன்ஷிப் கட்டாயம், பெரும்பாலும் சம்பளம் கிடையாது. ஆன்லைன்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எக்ஸ்டர்ன்ஷிப் இடத்தை யார் பிடித்துத் தருவார்கள்? "நீங்களே" என்றால் அந்த 4 மாதம் 10 மாதமாக இழுக்கும்.

தனியார் காலேஜ் வேலைவாய்ப்பு சதவீதம் காட்டினால், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், முடித்தவர்களில் எத்தனை பேர் மெடிக்கல் அசிஸ்டண்டாகவே முழுநேர வேலையில் இருக்கிறார்கள் என்று மூன்று எண்களாகக் கேளுங்கள். பல் மருத்துவமனை ரிசப்ஷன் வேலையையும் "துறை சார்ந்த வேலை" என்று எண்ணிவிடுவது உண்டு. மெடிக்கல் அசிஸ்டண்ட் படிப்பை அதிகம் விற்ற எவரெஸ்ட் கல்லூரிகளின் தாய் நிறுவனமான கொரிந்தியன் 2015 ஏப்ரலில் ஒரேயடியாக மூடியது. அதன் மாணவர்கள் 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கல்விக் கடனை மத்திய அரசு 2022-ல் ரத்து செய்தது. அது அரசுக் கடன் வாங்கியவர்களுக்கு. ஹெச்4-ல் இருப்பவருக்கு அரசுக் கடனும் இல்லை, பெல் கிராண்ட் என்ற அரசு உதவித்தொகையும் இல்லை. உங்களுக்குக் காலேஜ் நீட்டுவது தவணைத் திட்டமோ தனியார் கடனோ. அதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், டெக்சாஸில் உரிமம் பெற்ற கேரியர் பள்ளிகளில் 72 மணி நேரத்துக்குள், வாரக்கடைசியும் விடுமுறையும் நீங்கலாக, ரத்து செய்து முழுப் பணத்தையும் வாங்கலாம்.

இ.ஏ.டி. பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கணக்கையே கவிழ்க்கக்கூடியது அது. 2025 அக்டோபர் 30 முதல் போடும் புதுப்பிப்பு விண்ணப்பங்களுக்குத் தானாகக் கிடைத்துவந்த 540 நாள் நீட்டிப்பு இல்லை. அட்டை தீரும் நாளில் புதியது வரவில்லையென்றால் வேலையை நிறுத்தியாக வேண்டும். 180 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம், அன்றைக்கே போட்டுவிடுங்கள். மூன்று மாதம் வேலை நின்றாலும் 4,200 போட்டவர் சமாளிப்பார். மாதத் தவணை கட்டுபவர் பாடு வேறு.

படிப்பில் சேரும் முன் இன்னொன்றையும் யோசியுங்கள். டெக்சாஸில் எல்.வி.என். எனப்படும், உரிமம் பெற்ற தொழிற்கல்விச் செவிலியர் படிப்பும் ஏறக்குறைய ஒரு வருடம்தான். அதே மே 2024 கணக்கில் நாடளவில் அந்த வேலையின் இடைநிலைச் சம்பளம் 62,340. மெடிக்கல் அசிஸ்டண்டைவிடப் பதினெட்டாயிரம் கூடுதல். ஆனால் நுழைவுத் தேர்வு உண்டு, போட்டி உண்டு, காலை ஆறரைக்கே ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும். மூன்றரை வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அது கஷ்டம். மகன் கிண்டர்கார்டன் போனபின், அதாவது செப்டம்பர் 1 அன்று ஐந்து முடிந்திருக்கும் வருடத்தில், டேகேர் செலவு பள்ளிக்குப் பிந்தைய சில மணி நேரமாகச் சுருங்கும். எல்.வி.என்.னுக்கு அதுதான் நேரம். பிறகு செவிலியர் பக்கம் போக எண்ணமிருந்தால் கேரியர் காலேஜின் கிரெடிட்டுகள் பெரும்பாலும் செல்லாது என்பதும் ஒரு காரணம், கம்யூனிட்டி காலேஜ் மாலை வகுப்பையே நான் சொல்வதற்கு. சில பெரிய மருத்துவமனைக் குழுமங்கள் சம்பளம் கொடுத்தே பயிற்சி தருகின்றன, பதிலுக்கு ஒன்றிரண்டு வருடம் அங்கேயே வேலை செய்ய ஒப்பந்தம் இருக்கும். உங்கள் பக்கம் அது கிடைத்தால் 4,200-கூடத் தேவையில்லை.

எதில் சேர்ந்தாலும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை இப்போதே தொடங்குங்கள். மூன்று ஊசி முறையில் முடிய ஆறு மாதம் ஆகும், அதில்லாமல் எக்ஸ்டர்ன்ஷிப்புக்கு விட மாட்டார்கள். காசநோய்ப் பரிசோதனைக்குத் தோலில் குத்துவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். சிறுவயதில் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியால் அது பாசிட்டிவ் காட்டக்கூடும், காட்டினால் எக்ஸ்-ரே, டாக்டர் கடிதம் என்று அலைய விடும். இக்ரா ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள், பி.சி.ஜி. அதைக் குழப்பாது.