வீட்டிலேயே ஏர் ரைபிளைக் கழற்றிப் பூட்ட என்னென்ன டூல்ஸ் வாங்க வேண்டும்?

தலைப்பில் ‘ஏர்’ என்பது நான் சேர்த்தது; என்னிடம் வந்த கேள்வியில் ‘ரைபிள்’ என்று மட்டும் இருக்கிறது. தோட்டா போடுகிற ரைபிள் என்றால் என் பதில் ஒரே வரிதான்: வீட்டில் தொடாதீர்கள். 1959 ஆயுதச் சட்டப்படி வைத்திருக்க உரிமம் வேண்டும். செய்யவும் ரிப்பேர் பார்க்கவும் தனி உரிமம் வேண்டும். ஆகவே இனி நான் எழுதுவதெல்லாம் 0.177 அங்குல பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) போடுகிற, ஸ்பிரிங் வைத்த சாதாரண ஏர் ரைபிளைப் பற்றி. குண்டு வெளியேறும் வேக ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாத இந்த வகைக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் கொக்கையோ புறாவையோ குறிபார்க்க அனுமதி இருக்கிறது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சுசீந்திரம் தேரூர் பறவைகள் சரணாலயக் குளங்களைச் சுற்றி இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் தையல் மிஷின் ரிப்பேர் செய்பவன். துப்பாக்கிக்காரன் இல்லை. குலசேகரத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் சித்தப்பா ஒருநாள் தன் பழைய ஏர் கன்னைக் கொண்டுவந்து, “நீ ஸ்குரூ கழற்றுறவன்தானே, இதையும் பாரு” என்றார். தோளில் வைக்கும் மரக் கட்டையைத் துப்பாக்கியின் இரும்பு உடலோடு பிடித்திருக்கும் முன்பக்க ஸ்குரூ துருவேறி இறுகிக் கிடந்தது. கையில் கிடைத்த தட்டை ஸ்குரூ டிரைவரை வைத்து ஒரு திருகு. முனை ஸ்குரூ தலையின் காடியை (பள்ளத்தை) விட்டு ஏறி வழுக்கி, கட்டையில் ஒரு நீளக் கோடு போட்டு, என் இடது உள்ளங்கையில் போய் நின்றது. தையல் மூன்று. ஸ்குரூவின் வாயும் போயிற்று. இத்தனை வருஷம் மிஷின் பார்த்தவன் செய்கிற வேலையா இது என்று எனக்கே வெட்கம்.

காரணம் எளிது. கடையில் கிடைக்கும் ஸ்குரூ டிரைவர்களில் பெரும்பாலானவை ஆப்பு வடிவம்: முனையில் மெலிந்து, மேலே போகப் போகத் தடிக்கும். ஸ்குரூவின் காடியோ நேர்ச்சுவர். ஆப்பு உள்ளே போனால் காடியின் மேல் விளிம்பை மட்டும்தான் தொடும். அழுத்தித் திருகினால் மேலே ஏறி வெளியே வந்துவிடும். என் ஆசான் பழைய மிஷின்களில் கை வைக்கும்போது சொல்வார்: “ஸ்குரூகிட்ட சண்டை போடாதல மக்கா. அதுக்க வாய்க்குத் தக்க முனையைத் தீட்டிக் கொடு.” துப்பாக்கிக்கும் அதே பாடம்தான்.

ஆகவே முப்பத்திரண்டு பீஸ் செட் வாங்கிப் பணத்தைக் கரைக்காதீர்கள். நல்ல எஃகில் இரண்டு தட்டை ஸ்குரூ டிரைவர் போதும், கட்டை ஸ்குரூவுக்கு ஒன்று, டிரிக்கர் கார்டு (விசையைச் சுற்றியிருக்கும் வளையம்) பக்கம் ஒன்று. கோட்டாறிலோ மார்த்தாண்டத்திலோ பெரிய ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். பிடியைக் கையில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்; பிடி தடித்திருந்தால்தான் முறுக்கு கிடைக்கும். அப்புறம் எண்ணெய்க்கல்லில் முனையின் இரண்டு முகங்களையும் தேய்த்து, ஒன்றுக்கொன்று இணையாக வரும்படி செய்யுங்கள். அகலம் ஸ்குரூ தலையைவிட ஒரு மயிரிழை குறைவாக இருக்கட்டும். கூடினால் சுற்றியிருக்கும் மரத்தைப் பிறாண்டும். சுழலும் சாணையில் வைத்தால் சீக்கிரம் முடியும், ஆனால் முனை நீலமாகிவிட்டால் எஃகின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அடிக்கடி தண்ணீரில் தோய்க்க வேண்டும். எனக்குக் கல்தான் பிடிக்கும்.

சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு வழி: ஸ்குரூவை நேராக மேலே பார்க்க வைத்து, முனையைக் காடியில் இறக்கிவிட்டுக் கையை எடுங்கள். டிரைவர் சாயாமல் தானாக நிற்க வேண்டும். சித்தப்பாவின் ஸ்குரூவுக்கு அப்படி ஒன்று தீட்ட எனக்கு அரை மணி நேரம் ஆனது. துரு இளக்கும் எண்ணெயை ஒரு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க வைத்து, காலையில் சால்டரிங் அயனால் தலையைச் சூடாக்கி, உடம்பின் பாரத்தைக் கொடுத்து மெல்லத் திருகினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

மற்றவை சுருக்கமாக. பாகங்களைப் பிடித்திருக்கும் ‘பின்’களை (மெல்லிய இரும்பு ஆணிகளை) தட்டிக் கழற்ற 3, 4 மி.மீ. ‘பின் பஞ்ச்’ இரண்டு; பின்னைவிடச் சற்று மெலிந்ததாக, கடைசிவரை ஒரே தடிப்பாக இருக்க வேண்டும். கூம்பு வடிவ பஞ்ச் பின்னை அசைக்க மட்டும்தான், முழுக்கத் தட்டினால் ஓட்டையிலேயே இறுகிவிடும். 200 கிராம் சுத்தியல் ஒன்று, பித்தளைக் கம்பித் துண்டு ஒன்று. வைஸ் (இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி) இருந்தால் அதன் இரும்பு வாயை அப்படியே விடாதீர்கள். நான் அயினிப் பலகைத் துண்டு இரண்டில் தோல் ஒட்டி வைத்திருக்கிறேன். கழற்றிய ஸ்குரூக்களை வரிசை மாறாமல் முட்டை அட்டையில் போட்டு வைப்பேன், ஒவ்வொரு குழிக்கும் ஒன்று.

ஸ்பிரிங் விஷயம் வேறு. உள்ளே அது எப்போதும் அமுங்கிய நிலையில்தான் இருக்கும், காக் செய்யாத (சுடுவதற்கு மடக்கி வைக்காத) துப்பாக்கியிலும். பின்னால் பிடித்திருக்கும் பின்னைத் தட்டிவிட்டால் அத்தனையும் பாய்ந்து வெளியே வரும். நீளமான பார் கிளாம்பில் நேராகப் பிடித்து, மெல்ல மெல்லத் தளர்த்தத் தெரியாதவர் அந்தப் பின்னைத் தொடவே வேண்டாம். நான் அதுவரை போகவில்லை. போக அவசியமும் இருக்கவில்லை. குறி தப்புகிறது என்று சித்தப்பா குறைபட்டதற்குக் காரணம், மற்றக் கட்டை ஸ்குரூக்கள் ஆடிக்கொண்டிருந்ததுதான். எல்லாவற்றையும் இறுக்கி, ஸ்குரூ தளராமல் பிடிக்கும் நீல நிற திரெட் லாக்கர் பசை ஒரு துளி வைத்தேன்.

குழாய்க்குள் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார், அதையும் துடைத்தேன். ஸ்பிரிங் தள்ளுகிற பிஸ்டனுக்கு முன்னால் எண்ணெய் தேங்கினால் காற்று அமுங்கும் சூட்டில் அது பற்றி வெடிக்கும். வாஷரும் ஸ்பிரிங்கும் கெடும். “சத்தம் நல்லா வருதே” என்று சித்தப்பா சந்தோஷப்பட்டுக் கொண்டிருந்தது அந்த வெடிச் சத்தத்துக்குத்தான்.

கடலோரம் இருப்பவர்கள் டூல்ஸை எண்ணெய்த் துணியில் சுற்றி டின்னில் வையுங்கள். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, உப்புக் காற்று வேறு. ஆனியில் வெளியே மறந்துவைத்த என் பஞ்ச் ஐப்பசியில் செங்கல் நிறத்தில் கிடைத்தது.