ஏரிச் சேற்றை வைத்துப் பழங்காலத் தட்பவெப்பத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கலையாத சேறு வேண்டும், அதுதான் முதல் தேவை. ஜப்பானின் ஃபுகுய் மாகாணத்திலுள்ள சுய்கெட்சு ஏரி இதற்கு அருமையான எடுத்துக்காட்டு. பெரிய ஆறு எதுவும் நேராக அதில் விழுவதில்லை. அடியில் ஆக்சிஜன் இல்லாததால் சேற்றைக் கிளறும் புழுக்களும் இல்லை. எனவே ஆண்டுதோறும் வெளிர் படலம் ஒன்று, கரும்படலம் ஒன்று என்று சுமார் 70,000 ஆண்டுகளின் வண்டல் 45 மீட்டர் தடிமனுக்குப் படிந்திருக்கிறது. மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல எண்ணலாம்.

காலம் கிடைத்துவிட்டது. வெப்பநிலை? அதை மகரந்தம் சொல்லும். அதன் மேலோடு சேற்றில் எளிதில் மட்காது. குளிர்ப்பகுதி மரங்களின் மகரந்தம் மிகுந்த அடுக்கு, குளிரான காலத்தைக் காட்டும்.

என் பார்வையில் இதைவிடப் பெரிய கொடை, அதே சேற்றில் புதைந்த இலைகள். அவற்றிலுள்ள கார்பன்-14 (உயிர் இறந்தபின் மெல்லக் குறைந்துகொண்டே போகும் கதிரியக்கக் கார்பன்) அளவைப் படல எண்ணிக்கையோடு ஒப்பிட்டு 2012இல் வெளியான தரவு, உலகெங்கும் தொல்லியலாளர்கள் பயன்படுத்தும் காலக்கணிப்பு அளவுகோலையே மேம்படுத்தியது.