குதிரைத்திறன் யார் வைத்த கணக்கு? – வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஒன்று புதிதாக வாங்கினேன். பெட்டியில் 2 ஹெச்பி என்று பெரிதாகப் போட்டிருந்தது. என் பழைய 1 ஹெச்பி மோட்டார் இறைத்த அளவுகூட இது இறைக்கவில்லை. கடையில் கேட்டால், "அது அதிகபட்சத் திறன் சார், எப்போதும் அப்படி ஓடாது" என்கிறார்கள். இது சரியா?

பதில்: சரியே இல்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். இந்த விஷயத்தில் எனக்குப் பல வருடக் கோபம் உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஹெச்பி, அதாவது குதிரைத்திறன் என்ற கணக்கே விற்பனைக்காகப் பிறந்ததுதான். 1712-ல் நியூகோமன் செய்த நீராவி எஞ்சின் சுரங்கத்துத் தண்ணீரை வெளியே இறைத்தது. ஆனால் பிஸ்டன் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் சிலிண்டருக்குள் குளிர்ந்த நீரைப் பீய்ச்சி நீராவியைச் சுருக்க வேண்டும், உடனே அதே சிலிண்டரை மறுபடி சூடாக்க வேண்டும். நிலக்கரியில் பெரும்பகுதி இரும்பைச் சூடாக்கியே தீர்ந்தது. ஜேம்ஸ் வாட், நீராவியைக் குளிர்விக்கத் தனியாக ஒரு அறை வைத்தார்; சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருந்தது. 1769-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். வாங்க வந்தவர்களில் பலர் குதிரைகளை வைத்து ஆலை ஓட்டியவர்கள். இந்த எஞ்சின் எத்தனை குதிரைக்குச் சமம் என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயர்த்துவது ஒரு குதிரைத்திறன் என்று வாட் வரையறுத்தார். இன்றைய கணக்கில் சுமார் 746 வாட். சாதாரணக் குதிரை நாள் முழுக்க அந்த வேகத்தில் இழுக்காது. அதாவது எஞ்சின் வாங்கியவருக்குச் சொன்னதைவிடக் கூடுதலாகத்தான் கிடைத்தது. இன்று அப்படியே தலைகீழ்.

அவர்கள் காசு வாங்கிய முறையையும் பாருங்கள். சுரங்கக்காரர்களிடம் வாட்டும் அவருடைய கூட்டாளி போல்டனும், பழைய நியூகோமன் எஞ்சினோடு ஒப்பிட்டால் எவ்வளவு நிலக்கரி மிச்சமாகிறதோ அதன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கேட்டார்கள். மிச்சம் இல்லையென்றால் பங்கும் இல்லை. இதிலும் சண்டை வந்தது, வழக்கு நீதிமன்றம் வரை போனது. ஆனாலும் விற்றவர் தன் வாக்குறுதியைத் தன் வருமானத்தோடு கட்டிவைத்திருந்தார்.

எனக்கு இதைவிடப் பிடித்தது அப்புறம் நடந்தது. காப்புரிமை 1800-ல் முடிந்தது. 1811 முதல் இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கக்காரர்கள் தங்கள் எஞ்சின்களின் செயல்திறனை மாதாமாதம் அச்சிட்டு வெளியிட ஆரம்பித்தார்கள். ஜோயல் லீன் என்பவர் அந்தப் பொறுப்பை ஏற்றார். ஒரு புஷல் (பழைய ஆங்கில முகத்தல் அளவு) நிலக்கரியில் எத்தனை பவுண்டு தண்ணீரை ஓர் அடி உயர்த்துகிறது என்ற ஒரே அளவுகோல், எல்லா எஞ்சினுக்கும். யாருடையது மட்டம் என்பது ஊருக்கே தெரிந்தது. தொடக்கத்தில் சராசரி 2 கோடி பவுண்டைக்கூட எட்டவில்லை. 1830-களில் நல்ல எஞ்சின்கள் 8 கோடியைத் தாண்டின. உயர் அழுத்த நீராவி போன்ற புதிய நுட்பங்கள் இருந்தன, உண்மைதான். ஆனால் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு பட்டியல் தொங்கியதும் அதற்குப் பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன்.

பின்னால் வந்தவர்கள் இந்த நேர்மையைக் காற்றில் விட்டார்கள். அமெரிக்கக் கார் கம்பெனிகள் 1970-களின் தொடக்கம் வரை எஞ்சினைத் தனியாகக் கழற்றி மேடையில் வைத்து, ஆல்டர்னேட்டர் இல்லாமல், சைலன்சர் இல்லாமல் அளந்த எண்ணைத்தான் விளம்பரத்தில் போட்டன. 1972 மாடல்களில் எல்லாம் பூட்டிய நிலையில் அளக்கும் முறைக்கு மாறியதும், அதே எஞ்சினின் எண் காகிதத்தில் மளமளவென்று இறங்கியது.

இனி உங்கள் மோட்டார். பெட்டியை விடுங்கள், மோட்டாரின் உடம்பில் அடித்திருக்கும் தகட்டைப் படியுங்கள். கிலோவாட் எவ்வளவு? 2 ஹெச்பி என்றால் 1.5-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். S1 என்று இருந்தால் தொடர்ந்து ஓடக்கூடியது. S2 என்றால் குறிப்பிட்ட சில நிமிடங்கள்தான். அடுத்து, அதிகபட்ச உயரம், அதிகபட்ச நீர் அளவு என்று இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டும் ஒருசேரக் கிடைக்கவே கிடைக்காது. அந்த அதிகபட்ச உயரத்தில் சொட்டுத் தண்ணீர்கூட வராது. உங்கள் தொட்டியின் உயரத்துக்கு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வரும் என்று அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். தகடும் பெட்டியும் முரண்பட்டால் இரண்டையும் போட்டோ எடுத்து எழுத்தில் புகார் கொடுங்கள். பில்லோடு பெட்டியையும் பத்திரமாக வையுங்கள், விளம்பரம் செய்த எண்ணுக்கு அதுதான் சாட்சி.

கேள்வி: ஒரே திறன், ஒரே விலை, இரண்டு கம்பெனி பெட்ரோல் எஞ்சின்கள். எதை எடுக்கலாம்?

பதில்: எதற்கு உதிரிபாகம் சுலபமாகக் கிடைக்கிறதோ அதை.

கேள்வி: பழைய டீசல் எஞ்சின் ஒன்று வாங்கினேன். பார்க்கப் போனபோது ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு காலையில் எவ்வளவு சுற்றினாலும் பிடிக்கவில்லை. மதியம் ஒருவழியாக ஓடியது. விற்றவர் "போகும்போது நன்றாகத்தானே இருந்தது" என்கிறார்.

பதில்: போனதும் எஞ்சினைக் கையால் தொட்டுப் பார்த்தீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பார். டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இறுக்கி அழுத்தினால் வரும் சூட்டிலேயே எரிபொருள் பற்ற வேண்டும். ருடால்ஃப் டீசல் 1897-ல் ஓட்டிக் காட்டியதிலிருந்து இன்றுவரை இதுதான் அடிப்படை. பிஸ்டன் ரிங் தேய்ந்தால் அழுத்தம் கசியும், குளிர்ந்த எஞ்சினில் போதிய சூடு வராது. சிலிண்டரில் அழுத்தம் எவ்வளவு என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனை செய்யுங்கள். அளவு குறைவாக வந்தால் அந்தத் தாளோடு விற்றவரிடம் பேசுங்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன், பார்க்கப் போகும்போது எஞ்சின் சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். இன்னொரு நாள், சொல்லாமல் போங்கள். இதைப் பல முறை எழுதிவிட்டேன், இன்னும் இதே கடிதம் வருகிறது.

கேள்வி: எரிபொருளே வேண்டாம், ஒரு தடவை பேட்டரியில் தொடங்கிவைத்தால் தன் மின்சாரத்தில் தானே ஓடும் என்று சொல்லி, என் அப்பாவின் சேமிப்பில் பாதியை ஒரு ஜெனரேட்டருக்காக வாங்கிவிட்டார்கள். செய்துகாட்டியபோது பல்பு எரிந்ததாம். அப்பா வெளியே சொல்லவே கூசுகிறார்.

பதில்: உங்கள் அப்பா கூச வேண்டிய அவசியம் கொஞ்சமும் இல்லை. அவரைவிட விவரமும் வசதியும் உள்ளவர்கள் இதே வலையில் விழுந்திருக்கிறார்கள். 1813-ல் நியூயார்க்கில் ரெட்ஹெஃபர் என்பவர் தானே சுற்றும் இயந்திரம் என்று காட்டிக் காசு வசூலித்தார். பார்க்க வந்த ராபர்ட் ஃபுல்டன், நீராவிப் படகு ஓட்டியவர், சத்தம் சீராக இல்லையே, ஏறி இறங்குகிறதே, யாரோ கையால் சுற்றுவதுபோல் இருக்கிறதே என்று சந்தேகப்பட்டார். பலகையைப் பெயர்த்தால் ஒரு நரம்புக் கயிறு சுவருக்குள் ஓடியது. அதைத் தொடர்ந்து மேலே போனால், ஒரு முதியவர் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கீலி புதுவகை சக்தி என்று சொல்லி இருபது வருடத்துக்கு மேல் முதலீட்டாளர்களிடம் பணம் வாங்கினார். 1898-ல் அவர் இறந்த பிறகு ஆய்வுக்கூடத்தைச் சோதித்தவர்கள், அடித்தளத்தில் அழுத்தக் காற்றை அடைத்துவைக்கும் பெரிய இரும்புக் கோளத்தைக் கண்டார்கள். பாரிஸ் அறிவியல் கழகமோ 1775-லேயே, நிரந்தர இயக்க இயந்திரம் என்று வரும் எதையும் இனிப் பரிசீலிப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டது.

எந்த எஞ்சினும் உள்ளே போவதைவிடக் குறைவாகத்தான் வெளியே தரும். ஆகவே இது பழுதான சரக்கு என்ற வழக்கு அல்ல, மோசடி. போலீஸில் அப்படியே எழுதிக் கொடுங்கள். ரசீது, பணம் போன கணக்கு, அவர்கள் அனுப்பிய வீடியோ எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். பழுது பார்த்துத் தருகிறோம் என்று இயந்திரத்தைத் திரும்பக் கேட்டால் கொடுக்காதீர்கள். அது போனால் ஆதாரமும் போய்விடும்.

கேள்வி: பெட்ரோல் குழாயில் காந்தம் மாட்டினால் மைலேஜ் கூடுமா?

பதில்: கூடாது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எரிபொருள் மிச்சமாகும் என்று விற்ற 100-க்கும் மேற்பட்ட சாதனங்களைச் சோதித்துவிட்டது. பெரும்பாலானவற்றில் எந்தப் பலனும் இல்லை. டயரில் காற்று சரியாக இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: என் எஞ்சினில் ஒரு போல்ட் போய்விட்டது. கடையில் வாங்கிய எதுவும் பொருந்தவில்லை. கம்பெனி மொத்த பாகத்தையும் மாற்றச் சொல்கிறது.

பதில்: இந்த வேதனை எனக்குத் தெரியும். நான் வாங்கிய ஒரு சின்ன பெட்ரோல் எஞ்சினில் கார்புரேட்டரைப் பிடிக்கும் போல்ட்டின் மரை மில்லிமீட்டர் அளவிலும் சேரவில்லை, அங்குல அளவிலும் சேரவில்லை. இரண்டு சுற்று உள்ளே போகும், மூன்றாவதில் இறுகி நிற்கும். விற்ற கம்பெனி பதிலே போடவில்லை. எஞ்சின் இன்னும் அப்படியே கிடக்கிறது.

1841-ல் இங்கிலாந்தின் ஜோசஃப் விட்வொர்த் 55 பாகைக் கோணத்தில் ஒரு பொது மரை அளவைக் கொண்டுவரும்வரை ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. 1864-ல் அமெரிக்காவில் செல்லர்ஸ் 60 பாகை என்றார். இரண்டாம் உலகப் போரில் கூட்டாளி நாடுகளே ஒருவர் போல்ட்டை மற்றவர் நட்டில் மாட்ட முடியாமல் தவித்தன. 1948-ல் பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் பேசி ஒரே அளவுக்கு வந்தன. இவ்வளவு பாடுபட்டுத் தீர்த்த விஷயத்தை ஒரு கம்பெனி வேண்டுமென்றே மறுபடி குழப்புவதை என்னால் பொறுக்க முடியாது. நல்ல லேத் பட்டறையில் மரை அளவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாத அளவு என்றால் துளையைச் சற்றுப் பெரிதாக்கி, பொது அளவில் புது மரை வெட்டிக்கொள்ளலாம். ஆனால் உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 5 கேவிஏ ஜெனரேட்டர் 5 கிலோவாட் தாங்கும்தானே?

பதில்: பெரும்பாலும் 4-தான். கேவிஏவில் எவ்வளவு பங்கு கிலோவாட்டாகக் கிடைக்கும் என்பதைச் சொல்வது பவர் ஃபேக்டர்; தகட்டில் அது 0.8 என்று இருக்கும், பெருக்கிப் பாருங்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் சாதாரண மின்னோட்டத்தைப்போல் ஆறு, ஏழு மடங்குகூட இழுக்கும். அதனால் பெரிய மோட்டாரை முதலில் போட்டு, அது நிதானத்துக்கு வந்த பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாகப் போடுங்கள்.