எவ்ராவின் திங்கட்கிழமைகளும் உங்கள் மகனின் பிளஸ் டூவும்

வணக்கம் அம்மா,

"நன்றாகப் படிக்கிற பையன் திடீரென்று காலேஜ் வேண்டாம், இன்ஸ்டாகிராமிலேயே பிழைத்துக்கொள்கிறேன் என்கிறான். திட்டினால் பாட்ரிஸ் எவ்ரா என்று ஒருத்தரைக் காட்டுகிறான். யார் சார் அவர்?" என்று கேட்டிருந்தீர்கள்.

பிரான்ஸ் கால்பந்து அணிக்காக 81 ஆட்டங்கள் ஆடிய தடுப்பாட்டக்காரர். இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் அணியில் ஐந்து பிரீமியர் லீக் பட்டங்கள், 2008இல் ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் கோப்பை. 2019இல் ஓய்வை அறிவித்தார். உங்கள் மகன் வயதுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் அவ்வளவாகத் தெரியாது. அவர்களுக்கு அவர் திங்கட்கிழமை வீடியோ போடுகிறவர். ஆடிப்பாடி, கடகடவென்று சிரித்து, 'ஐ லவ் திஸ் கேம்' என்று முடிப்பவர். ஒருமுறை பச்சைக்கோழியை நக்கி ஊர்ப்பட்ட திட்டு வாங்கினார். (அதை நானும் பார்த்தேன். அன்று ராத்திரி தயிர்சாதம்தான்.)

தம்பியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: எவ்ராவுக்குப் பதினேழு வயதில் என்ன வேலை? இத்தாலியின் சிசிலித் தீவில் மர்சாலா என்ற மூன்றாம் நிலை கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தார். செனகலில் பிறந்து பாரிஸ் புறநகரில் வளர்ந்த பையன், மொழி தெரியாத ஊரில். முன்களத்தில் ஆடியவரைப் பிரான்சின் நீஸ் கிளப்பில் பின்களத்துக்கு மாற்றினார்கள். அந்த இடம்தான் அவருக்குச் சோறு போட்டது. 2006 ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக யுனைடெடுக்கு முதல் ஆட்டம். இடைவேளையோடு வெளியே உட்காரவைத்துவிட்டார்கள். அணியும் 3-1 என்று தோற்றது. அப்படிப்பட்டவர் செல்போனைக் கையில் எடுத்து வீடியோ போடத் தொடங்கியது முப்பத்தைந்து வயதையொட்டி. அதற்குள் உலகத்துக்கே அவர் முகம் தெரியும்.

ஆனாலும் உங்கள் மகனை நான் முழுக்க மறுக்கமாட்டேன். எவ்ராவைப் போலவே பதக்கம் வாங்கிய எத்தனையோ பேரின் இன்ஸ்டாகிராம் பக்கம் இன்று காற்று வாங்குகிறது. கேமரா முன் கூச்சமில்லாமல் பேசுவது, சரியான நொடியில் முடிப்பது, வாரம் தவறாமல் வருவது, இவையெல்லாம் திறமைதான். 2018 உலகக்கோப்பைக்கு இங்கிலாந்தின் ஐடிவி தொலைக்காட்சி அவரை ஆட்டத்தை அலசக் கூப்பிட்டது. அதே செல்போன் ஆபத்தும் கூட: பாரிஸ் நகரின் பிஎஸ்ஜி கிளப்பைப் பற்றி 2019இல் ஒரு வீடியோவில் வாய்விட்ட கேவலமான பேச்சுக்காகப் பாரிஸ் நீதிமன்றத்தில் அபராதம் வாங்கினார்.

இந்தத் திறமைக்குச் சம்பளம் தரும் வேலைகள் உண்டு: வர்ணனை, விளையாட்டுச் செய்தி, வீடியோ எடிட்டிங், கிளப்புகளின் சமூக ஊடகப் பிரிவு. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்), இதழியல், விளையாட்டு மேலாண்மை ஆகிய மூன்றில் எதைப் படித்தாலும் அந்தப் பக்கம் போகலாம். மதிப்பெண் குறைந்தவர்கள் போகிற இடம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நல்ல கல்லூரிகளில் விஸ்காமுக்கு இடம் கிடைப்பதே போட்டிதான்.

செல்போனைப் பிடுங்கிவைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கொடுங்கள். அந்த வாரம் பார்த்த ஓர் ஆட்டத்தைப் பற்றித் தமிழில் 90 நொடி வீடியோ; எழுத்து, குரல், எடிட்டிங் எல்லாம் அவனே. திங்கட்கிழமை காலை அது வந்தாக வேண்டும். பன்னிரண்டு திங்கட்கிழமை விடாமல் செய்தால் வீடியோக்களோடு என்னிடம் கூட்டிவாருங்கள், எந்தப் படிப்பு என்று மூவருமாக உட்கார்ந்து பேசுவோம். நான்காவது வாரமே நின்றுபோனால், அதையும் அவனே வந்து என்னிடம் சொல்லட்டும்.

முதல் வீடியோவில் எவ்ராவை அப்படியே காப்பியடித்தாலும் பரவாயில்லை. கோழியை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.